டீசல் டேங்குக்கு நான் வெச்ச புது வாய்

அன்னக்கி எனக்கு இருந்த வேல ரெண்டே ரெண்டுதான். காலையில வண்டிக்கு டீசல் போடணும். அப்பறம் சீர் சாமானை ஏத்திக்கிட்டு அறந்தாங்கிக்கு அங்கிட்டு இருக்க ஒரு கோயிலுக்குப் போகணும்.

என் தங்கச்சி மக யாழினிக்குக் காதுகுத்து. மூணு வயசுப் புள்ள. தாய்மாமன் நான். என் மடியில ஒக்கார வெச்சுத்தான் குத்தணும். நான் போகாம அங்க ஒண்ணும் நடக்காது. அந்தப் பெருமையில ஒரு வாரமா கொஞ்சம் நிமுந்துதான் நடந்துக்கிட்டு இருந்தேன்.

வண்டியப் பத்தி மொதல்ல சொல்லிடுறேன். அன்னவாசல் பக்கம் எங்க ஊரு. என்கிட்ட ஒரு டீசல் பிக்கப் இருக்கு. உர மூட்டை, ஹாலோ பிளாக், ஆடு, கல்யாணப் பாத்திரம்னு எது கெடச்சாலும் வாடகைக்கு ஏத்துவேன். கூட லோடு புடிக்கட்டும்னு பின்னாடி பாடிய ரெண்டு பக்கமும் அகலப்படுத்துனேன். அதுல டீசல் ஊத்துற வாய் பாடிக்கு அடியில போயி ஒளிஞ்சுக்கிருச்சு.

அதுல இருந்து டீசல் போடறது பெரும்பாடு. பங்க்ல இருக்கவங்க இடுப்ப மடக்கிக் குனிஞ்சு, தலைய சாச்சு, டீசல் கன்னை ஒரு தினுசா உள்ள நொழைக்கணும். நேரா போகாததால நொரை பொங்கும். நொரை பொங்குனா கன்னு டொக்குன்னு நின்னுரும். மறுபடி அமுக்குனா மறுபடி டொக்கு. பின்னால வரிசையில நிக்கிறவங்க ஹாரன் அடிப்பாங்க. எங்க பங்க்ல வேல பாக்குற அக்கா, என் வண்டி ரோட்டுல இருந்து திரும்பறதப் பாத்தாலே டீ குடிக்கப் போயிரும்.

டீசல் விக்கிற வெலையில எனக்கு இன்னொரு சந்தேகம் வேற. அம்புட்டு நொரை வருதே, அந்த நொரைக்கும் சேத்து நான்தான் காசு குடுக்குறேன்னு நெனச்சேன். நொரை டேங்குக்குள்ள போன பெறகுதான வருது, மீட்டர்ல ஓடறது டீசல்தானேன்னு என் வீட்டுக்காரி மலர் சொன்னா. நான் கேக்கல. டேங்க் ஒரு நாளும் முழுசா நெறையாததால அடிக்கடி பங்க்குக்குப் போறோம், பங்க்குக்குப் போறதுக்கே ஒரு டீசல் செலவாகுதுன்னு அவளுக்கு வெளக்குனேன். பங்க்கு எங்க வீட்டுல இருந்து கூப்புடு தூரம்.

இதுல ஒண்ணு சொல்லணும். நான் சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில இருந்தவன். பைப் பிரிவு. நான் பைப்பைத் தூக்கிக் குடுப்பேன், வேற ஒருத்தரு மாட்டுவாரு. இந்த ரெண்டாவது பாதிய நான் ஊர்ல யாருகிட்டயும் சொன்னதில்ல. அதனால பைப்புன்னு பேச்சு வந்தா எங்க தெருவுல என்னயத்தான் பாப்பாங்க. நாளாக நாளாக எனக்கே அது மறந்துபோச்சு.

காதுகுத்துக்கு முந்துன நாளு, வெல்டிங் பட்டறை வெச்சிருக்க மாரிமுத்துக்கிட்ட வண்டியக் கொண்டுபோயி என் பிளானைச் சொன்னேன். பழைய வாயை அடைச்சுட்டு, டேங்குல இருந்து கை மணிக்கட்டு தண்டிக்கு ஒரு பைப்பை நேரா மேல ஏத்துவோம். பாடி தரையில ஓட்டை போட்டு, கேபினுக்குப் பின்னாடி மூலையில ஒரு சாண் ஒசரத்துக்கு நீட்டி விடுவோம். இனிமே யாரும் குனிய வேண்டியதில்ல. நின்ன வாக்குல குடத்துல தண்ணி புடிக்கிற மாதிரி ஊத்தலாம்.

மாரிமுத்துக்குப் பிளான் ரொம்பப் புடிச்சுப்போச்சு. டேங்கைக் கழட்டிக் காலி பண்ணி, தண்ணி விட்டுக் கழுவி வேலைய ஆரம்பிச்சாரு. பழைய வாய்க்குப் பக்கத்துல சுண்டுவிரல் தண்டிக்கு இன்னொரு குழாய் டேங்குல இருந்து வந்துச்சு. அதப் புடிச்சுக்கிட்டு, இது எதுக்குங்கன்னு கேட்டாரு.

எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்.

"அது சும்மா. தூசி உள்ள போகத்தான் அது வழி. அடைச்சிருங்க"ன்னேன்.

தானும் அதத்தான் நெனச்சதா சொல்லி, அவரு ஒரு போல்ட்டை உள்ள வெச்சுச் சுத்தி வெல்டு அடிச்சாரு. ரெண்டு பேரும் திருப்தியா டீ குடிச்சோம்.

மூடிய நான் பிளம்பிங் கடையில வாங்குனேன். இரும்பு மூடி, திருகி மூடற மாதிரி மரை போட்டது. வெள்ளை டேப்பைச் சுத்தி இறுக்குனேன். இனிமே இதுக்குள்ள காத்துகூடப் போகாதுன்னு மாரிமுத்துக்கிட்ட சொன்னேன். அந்தப் பட்டறையில நான் பேசுனதுலயே உண்மையான பேச்சு அது ஒண்ணுதான்.

காதுகுத்து அன்னக்கிக் காலையில வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுப் பங்க்குக்குப் போனேன். அக்கா வழக்கம்போல டீ குடிக்கக் கெளம்புச்சு. கூப்புட்டு நிறுத்தி, பாடி மேல ஏறி நின்னு புது வாயைக் காட்டுனேன். அக்கா எட்டிப் பாத்துச்சு. மொதல்ல மெதுவா விட்டுப் பாக்கலாமுங்களான்னு மட்டும் கேட்டுச்சு.

மெதுவா விடறதுக்கா இம்புட்டுச் செலவு பண்ணுனேன். முழுசா அமுக்குங்க, ஃபுல் பண்ணுங்கன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் சொர்க்கமா இருந்துச்சு. டொக்கும் இல்ல, நொரையும் இல்ல. பக்கத்து வரிசையில நின்ன ஆட்டோக்காரரு எட்டிப் பாத்தாரு. நான் இடுப்புல கை வெச்சுக்கிட்டேன்.

அப்பறம் டேங்குக்குள்ள இருந்து கொடகொடன்னு ஒரு சத்தம் வந்துச்சு. வயிறு சரியில்லாதவனுக்கு வருமே, அந்த மாதிரி. என்னன்னு குனிஞ்சு பைப்புக்குள்ள பாத்தேன்.

உள்ள இருந்த காத்து வெளிய போக வேற வழி இல்லாம, மேல நின்ன டீசலைத் தூக்கிக்கிட்டு என் மூஞ்சி வழியா வெளிய வந்துச்சு.

தலமுடி, கண்ணு, மீசை, சட்டை, வேட்டி எல்லாம் டீசல். அக்கா மேல ஒரு சொட்டு இல்ல. என் வண்டின்னா ஒரு அடி தள்ளியே நிக்கிற பழக்கம் அதுக்கு. கன்னை நிறுத்திட்டு என்னய மேலயும் கீழயும் பாத்துச்சு.

"ஃபுல்லாங்க?"ன்னு கேட்டுச்சு.

அப்பயாவது நிறுத்தியிருக்கலாம். புது வாய், மொத தடவ, ஃபுல் பண்ணாமப் போக மனசு வரல. கொஞ்சம் ஊத்தி, அது ஏப்பம் விடறவரைக்கும் காத்திருந்து, மறுபடி கொஞ்சம் ஊத்தி, விளிம்பு வரைக்கும் நெறச்சோம். பழைய வாயில போட்டதைவிட ரொம்ப நேரம் ஆச்சு. பின்னால ஹாரன் சத்தத்துக்குக் கொறச்சலே இல்ல.

வீட்டுக்குப் போயி துணி சோப்பு போட்டுக் குளிச்சேன். வேற சட்டை மாத்துனேன். வாசம் போகல. என்னாச்சுன்னு மலர் கேட்டா. ஒரு சொட்டு மேல பட்டுருச்சுன்னேன். அவ என் காதுக்குப் பின்னாடி வெரல வெச்சுத் தடவி, வெரலப் பாத்துட்டு, அடுத்த வேலைக்குப் போயிட்டா.

சீர் சாமானை ஏத்துனோம். புது பைப்பு பாடிக்குள்ள நீட்டிக்கிட்டு இருந்ததால, பாதுகாப்பா இருக்கட்டும்னு அது மேல பித்தளை அண்டாவைக் கவுத்து வெச்சேன். அண்டா ஆடாம இருக்க ரெண்டு அரிசி மூட்டையை அணைச்சு வெச்சேன். அண்டா மேல லட்டுத் தட்டு. அதுக்குப் பக்கத்துல வாழத்தாரு, பழத்தட்டு, தேங்காத் தட்டு, துணித் தட்டு, புள்ளைக்கு ஒரு மூணு சக்கர சைக்கிள். எல்லாத்தையும் கயிறு போட்டு நல்லா இறுக்கிக் கட்டுனேன். எனக்கு முடிச்சு நல்லாப் போட வரும்.

முன்னாடி நானும் மலரும் பெரியப்பாவும். எங்க பெரியப்பா அதிகம் பேச மாட்டாரு. ஒண்ணு ரெண்டு வார்த்த பேசுவாரு. அது நமக்கு ஒரு மாசம் உள்ள கெடந்து அறுக்கும்.

புதுக்கோட்டைக்குள்ள நொழையறதுக்கு முன்னாடியே வண்டி ரெண்டு தடவ இழுத்து, விக்கி, ஓரமா நின்னுருச்சு.

நான் எறங்கி பானெட்டைத் தொறந்தேன். டீசல் ஃபில்டரைத் தட்டுனேன். அதுக்கு மேல இருக்க கைப்பம்பை அமுக்கு அமுக்குன்னு அமுக்குனேன். ஸ்டார்ட் ஆகி, ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடி நின்னுச்சு. பெரியப்பா சன்னல் வழியா தலைய நீட்டுனாரு.

"டீசலு போட்டியாப்பா?"

என் பக்கத்துல நின்னு மூச்சு விட்ட எவனும் கேக்கக் கூடாத கேள்வி அது.

டேங்குல ஏதாச்சும் குப்பை போயி அடைச்சிருக்குமோன்னு மூடியத் தொறந்து பாக்க நெனச்சேன். மூடி எங்க இருக்குன்னு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

நானே போட்ட முடிச்சு. அவுக்க முடியல. மலர் பல்லால கடிச்சு அவுத்தா. சைக்கிளை எறக்கி, தட்டையெல்லாம் ரோட்டோரம் பேப்பர் விரிச்சு வரிசையா வெச்சு, வாழத்தாரைச் சாச்சு வெச்சு, அரிசி மூட்டையைத் தள்ளி, லட்டை எறக்கி, அண்டாவைத் தூக்கி, மூடியத் திருகுனேன். உஸ்ஸுன்னு ஒரு சத்தம். டேங்கு ரொம்ப நேரமா மூச்ச அடக்கிக்கிட்டு இருந்த மாதிரி காத்த உள்ள இழுத்துச்சு.

அந்தச் சத்தத்துலதான் எனக்கு வெளங்குச்சு. டீசல் எறங்க எறங்க அந்த எடத்துக்குக் காத்து வரணும். காத்து வார வழிதான் அந்தச் சுண்டுவிரல் குழாய். அதத்தான் நான் தூசின்னு சொல்லி அடைச்சிருந்தேன்.

இத நான் யாருகிட்டயும் சொல்லல. லேசா தூசி இருந்துச்சு, எடுத்துட்டேன்னேன். மூடிய மறுபடி இறுக்கி, எல்லாத்தையும் ஏத்திக் கட்டுனேன். ஒருவேளை இனிமே நிக்காதுன்னு ஒரு நம்பிக்கை. எந்த அடிப்படையில நம்புனேன்னு இன்னக்கி வரைக்கும் தெரியல.

புதுக்கோட்டையத் தாண்டி அறந்தாங்கி ரோட்டுல கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்னுச்சு.

இந்தத் தடவ நான் பானெட்டைத் தொறக்கல. நேரா பின்னால போயி கயித்த அவுக்க ஆரம்பிச்சேன். அதப் பாத்ததுமே மலருக்குச் சந்தேகம் வந்துருச்சு. கையக் கட்டிக்கிட்டு வந்து பக்கத்துல நின்னா. வந்து போற பஸ்ஸுல இருந்தவங்க எல்லாம், ரோட்டோரத்துல சீர்த்தட்டு வரிசைய எட்டிப் பாத்துக்கிட்டுப் போனாங்க. ஒரு பைக்காரரு நிறுத்தி, பழம் என்ன வெலைன்னு கேட்டாரு. பெரியப்பா அவருகிட்ட, விக்கிறதுக்கு இல்லப்பா, வேண்டுதல்னு சொன்னாரு.

மூடியத் திருகுனேன். உஸ்ஸு.

"என்னங்க அது மூச்சு விடுது?"

"காத்து."

"காத்து போய்வர வழி வெக்கலியா?"

"வெச்சுத்தான் குடுத்தாங்க. நான் அடைச்சுட்டேன்."

அவ குனிஞ்சு லட்டுத் தட்டை எடுத்து, மேல இருந்த தூசிய ஊதுனா. அதுக்கு அவ என்னயத் திட்டியிருக்கலாம்.

அந்நேரம் பாத்து தங்கச்சி போன் பண்ணுனா. புள்ளைக்கு மொட்டை போட்டாச்சாம். அழுதுக்கிட்டே இருக்காம். காது குத்துற ஆசாரி வந்து ஒக்காந்துட்டாராம். நல்ல நேரம் முடியறதுக்குள்ள குத்தணும், மாமியார் வீட்டு ஆளுக எல்லாம் தாய்மாமன் எங்க தாய்மாமன் எங்கன்னு கேக்குறாங்க, எங்கண்ணே இருக்கன்னு கேட்டா. கொரல்ல பாதி அழுகை. வந்துக்கிட்டே இருக்கேன்னு சொன்னேன். போன்ல வாசம் போகாதது ஒரு நன்மை.

எனக்கு அப்பத்தான் பயம் வந்துச்சு. அதுவரைக்கும் வண்டியப் பத்தி மட்டுந்தான் கவலப்பட்டேன். என் தங்கச்சி அந்த வீட்டு ஆளுக முன்னாடி வாசலைப் பாத்துக்கிட்டு நிப்பாளேங்கறது அப்பத்தான் ஒரைச்சுச்சு.

அண்டாவை ஓரமா தள்ளி வெச்சுட்டு, மூடிய லேசா வெச்சு, திருகாம ஓட்டிப் பாத்தேன். மொத ஸ்பீடு பிரேக்கர்லயே மூடி தெறிச்சு, இன்னும் முக்காவாசிக்கு மேல நெறஞ்சு நின்ன டீசல் துள்ளி வாழத்தாரு மேல விழுந்துச்சு. துணிய அடைச்சுப் பாத்தேன். அம்புட்டு அகலமான பைப்புக்குள்ள துணி நழுவி எறங்கப் பாத்துச்சு. கடைசியில ஒரே வழிதான் இருந்துச்சு. யாராச்சும் ஒருத்தர் பின்னால ஒக்காந்து, பைப்பு வாயில துண்டப் போட்டுக் கையால மூடிக்கிட்டு வரணும். காத்து போகணும், டீசல் வரக் கூடாது. மேடு பள்ளம் வந்தா அமுக்கணும்.

பெரியப்பாவைப் பாத்தேன். அவரு சன்னல் கண்ணாடிய ஏத்திக்கிட்டாரு.

அப்ப வண்டிய யாரு ஓட்டறது? மலர் கையை நீட்டுனா. சாவியக் கேக்குறா. அவ லைசென்ஸ் எடுத்து வருசக்கணக்காச்சு. அவங்க வீட்டுல டிராக்டரே ஓட்டுனவ. பிக்கப் எல்லாம் ஒனக்குச் சரிப்படாதுன்னு நான் ஒரு நாளும் ஸ்டேரிங்கைக் குடுத்ததில்ல. அன்னக்கி டீசல் கையோட சாவியக் குடுத்தேன். வாங்கித் தொடச்சுக்கிட்டா.

நான் பின்னால அரிசி மூட்டைக்கும் வாழத்தாருக்கும் நடுவுல ஒக்காந்தேன். மடியில லட்டுத் தட்டு. ஒரு கை தட்டு மேல, ஒரு கை பைப்பு மேல. மலர் ஒரு குழியில விடாம, ஒரு பிரேக்கு பலமா போடாம ஓட்டுனா. நான் ஓட்டுனப்ப நின்ன வண்டி, அவ ஓட்டுனதுல நிக்கவே இல்ல. அழியாநிலைங்கற ஊருகிட்ட ஒரு வளைவுல மட்டும் கொஞ்சம் டீசல் கையத் தாண்டி வந்து ரெண்டாவது சட்டையையும் நனைச்சுச்சு. லட்டைக் காப்பாத்திட்டேன்.

கோயில் வாசல்ல மேளக்காரங்க தயாரா நின்னாங்க. வண்டியப் பாத்ததும் அடிக்க ஆரம்பிச்சாங்க. தங்கச்சி மாமியாரு ஆரத்தித் தட்டோட முன்னாடி வந்தாங்க. டிரைவர் பக்கம் மலர் எறங்குனா. அங்கிட்டுப் பெரியப்பா எறங்குனாரு. எல்லாரும் தாய்மாமனைத் தேடுனாங்க. நான் வாழத்தாருக்குப் பின்னால இருந்து எந்திரிச்சேன்.

மேளம் கொஞ்சம் தடுமாறுச்சு.

"தாய்மாமனையும் சீர்லயே வெச்சுக் கொண்டாந்துட்டீங்களா?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க. கேலியா, நெசமான்னு மொகத்துல கண்டுபுடிக்க முடியல.

தங்கச்சி ஓடி வந்து கையப் புடிச்சா. புடிச்ச வேகத்துல மூக்க மூடுனா. ஆனா கைய விடல. பெறகு ஆளாளுக்கு வைத்தியம் பாத்தாங்க. மச்சான் தன்னோட சென்ட்டு பாட்டிலைக் காலி பண்ணுனாரு. மலர் கழுத்துல, கையில சந்தனத்த அப்புனா. டீசலும் சந்தனமும் சென்ட்டும் சேந்து என்ன வாசம் வந்துச்சுன்னு சொல்ல எனக்கு வார்த்த இல்ல. பூசாரி சூடத்தட்டை எல்லாருக்கும் காட்டிக்கிட்டு வந்தவரு, என்கிட்ட வாரப்ப ஒரு பெரிய வட்டம் போட்டுத் தாண்டிப் போனாரு. டீசல் அம்புட்டு லேசுல பத்தாதுங்கன்னு நான் வெளக்க ஆரம்பிச்சேன். பெரியப்பா, பேசாம ஒக்காருன்னாரு.

ஒக்காந்தேன். புள்ளையத் தூக்கிட்டு வந்தாங்க. மொட்டைத் தலையில சந்தனம், கண்ணு மூக்கெல்லாம் தண்ணி. மொட்டை போட்டவரைப் பாத்துப் பயந்தது, ஆசாரியப் பாத்ததும் இன்னும் கூடிருச்சு. யாருகிட்டயும் போகாம அவ அம்மா சேலைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டுக் கத்துது. ஆசாரி வானத்தப் பாக்குறாரு, பூசாரி கடியாரத்தப் பாக்குறாரு, மாமியார் வீட்டு ஆளுக என்னயப் பாக்குறாங்க. இந்த வாசத்தோட எங்கிட்ட எப்புடி வரும்னு எனக்கே சந்தேகம்.

தங்கச்சி வலுக்கட்டாயமா எறக்கி என் மடியில வெச்சா. புள்ள திமிறுச்சு. மொகத்த என் தோள்ல மோதுச்சு. அப்பறம் திடீர்னு நின்னுச்சு. மூக்க உறிஞ்சுச்சு. என் சட்டைய ரெண்டு கையாலயும் புடிச்சு மோந்து பாத்துச்சு.

"பஸ்ஸு"ன்னுச்சு.

அதுக்கு பஸ்ஸுன்னா உசுராம். பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போனாத்தான் சோறே எறங்குமாம். தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானும் டுர்ருன்னு மெதுவா சத்தம் குடுத்தேன். என் தோள்ல மூக்க வெச்சுக்கிட்டு புள்ள சாஞ்சுருச்சு. ஆசாரி ஒரு காதைக் குத்துனாரு. ஒரு சின்னக் கேவல். நான் ஹாரன் அடிச்சேன். மறு காதையும் குத்திட்டாரு.

தங்கச்சி கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சிரிச்சா. அவ மாமியாரு, இந்தக் குடும்பத்துல எத்தனையோ காதுகுத்து பாத்திருக்கேன், புள்ள அழாம குத்துனது இதுதான்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொன்னாங்க. நான் மறுபடி கொஞ்சம் நிமுந்து ஒக்காந்தேன்.

திரும்பி வரும்போதும் மலருதான் ஓட்டுனா. நான் என் எடத்துல ஒக்காந்து வந்தேன். மறுநாளு மாரிமுத்துக்கிட்ட போயி அந்தக் குழாயைத் தொறந்து விட்டோம். மூடியில ஒரு ஓட்டையும் போட்டுக்கிட்டோம். இப்ப டீசல் நல்லா எறங்குது, வண்டியும் நிக்கிறதில்ல. வாரத்துல பாதி நாளு மலர் எடுத்துட்டுப் போறா, வாடகைக்கு அவளத்தான் மொதல்ல கேக்குறாங்க.

போன வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். நல்லாக் குளிச்சு, சலவைச் சட்டை போட்டுக்கிட்டுத்தான் போனேன். யாழினி ஓடி வந்து மடியில ஏறுனா. சட்டைய மோந்து பாத்தா.

"பஸ்ஸு போயிருச்சு"ன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டா.